முகப்புக்கு நாலு கட்டைவிரல்

ராக்கியப்பனுக்கு இரண்டு கட்டைவிரலும் இருந்தன. அதனால் தூளிக்காரர்கள் யாரும் அவரை நம்பவில்லை. அவரும் அவர்களை நம்பவில்லை. சரிக்குச் சரியாகிவிட்டது.

தூளி என்பது ஒரு சட்டகம். வெப்சைட் கட்டுகிறவர்கள் அதை எடுத்துப்போய் அதன்மேல் தங்கள் தளத்தைக் கட்டிக்கொள்வார்கள். பார்க்கக் கட்டில் சட்டம்போல இருக்கும். மடக்கினால் தலைச்சுமைக்கு அடங்கும். விலை கிடையாது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் வந்து எடுத்துப்போகலாம். பிடிக்காத இடத்தைத் திருத்தலாம். சும்மா கொடுக்கிறவனிடம் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ராக்கியப்பன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

தூளியின் முகப்புப் பக்கம் சந்தைப்பேட்டைக்குத் தெற்கே, சோளக்காட்டு நடுவில் நின்றது. பனைமர உயரத்துக்கு ஒரு சுவர். உச்சியில் ‘எளிது. வேகமானது. உங்களுடையது’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே நட்சத்திரங்கள். தூளி பிடித்துப்போனவர்கள் திரும்பும்போது ஒரு நட்சத்திரம் எறிந்துவிட்டுப் போவார்கள். இரும்பு நட்சத்திரம். சுவரில் குத்தி நிற்கும். சில சமயம் ஆள்மேல் குத்தி நிற்கும். அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள்.

நட்சத்திரங்களுக்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் ராக்கியப்பனின் மனைவி மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். முகம் உள்பக்கம். முதுகு வெளிப்பக்கம். முதுகில் ‘தொடங்குங்கள்’ என்று எழுதியிருந்தது. அவள்தான் பட்டன்.

வருகிறவர்கள் அந்த முதுகில் ஒரு குத்துக் குத்துவார்கள். கதவு திறக்கும். உள்ளே போய்ச் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மெதுவாகத் தொட்டாலும் கதவு திறக்கும். ஆனால் பட்டனைக் கண்டால் மெதுவாகத் தொடுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானால் இன்னொரு குத்து. அப்புறமும் தாமதமானால் கை ஓயும்வரை குத்து.

அதோடு அந்தச் சுவருக்கு ஒரு குணம் இருந்தது. பார்க்கிற ஆளின் அகலத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும். பெருத்த ஆள் வந்தால் அகன்று நிற்கும். ஒல்லியான ஆள் வந்தால் ஒடுங்கிவிடும். கூடவே பொந்தும் ஒடுங்கும். மயிலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். விலா எலும்பு முறிந்து சேர்ந்து, முறிந்து சேர்ந்து, அதுவே பழகிவிட்டது.

அவள் எப்படிப் பட்டன் ஆனாள் என்றால், கல்யாணமான புதிதில் ஒரு நாள் வெயில் தாங்காமல் அந்தப் பொந்தில் ஒதுங்கினாள். அளவு சரியாக இருந்தது. அப்போதைக்கு இருக்கட்டும் என்றார்கள். அந்தச் சுவரில் அப்போதைக்கு என்று வைத்த எதுவும் பிறகு நகர்ந்ததில்லை.

ராக்கியப்பன் தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவார். பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. அது வழியாக உட்புறம் போய், அவள் முகத்துக்கு எதிரே குந்தி, உருட்டி உருட்டி ஊட்டுவார். குத்து விழும்போது வாய்ச்சோறு அவர்மேல் தெறிக்கும். துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிடிப்பார். மயிலாத்தாள் குறை சொல்லுகிறவள் அல்ல. ஆள் வராத நாளில்தான் அவள் முகம் தொங்கிப்போகும்.

ஒரு தடவை ராக்கியப்பன் நேரே போய், வருகிறவர்கள் பலமாகக் குத்துகிறார்கள் என்று புகார் சொன்னார். தூளியில் புகாரை உடனே கவனிப்பார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் அந்தப் புகாருக்கென்று ஒரு குழி வெட்டினார்கள். குறை தீர்ந்ததும் குழியை மூடுவது வழக்கம். மைதானம் முழுக்கக் குழி. பாராமல் நடந்து கால் ஒடிந்த ஒருவர், குழிகள் அதிகமாக இருக்கின்றன என்று புகார் சொன்னார். அதற்கும் ஒரு குழி வெட்டினார்கள்.

புகார் சொன்னவனும் தூளிக்கு உழைத்தவன்தான் என்பது அவர்கள் வழக்கம். ராக்கியப்பனைக் கேட்காமலேயே அவர் முகத்தை வட்டமாகச் செதுக்கிச் சுவரின் அடியில் பதித்துவிட்டார்கள். மூக்கு சரியாக வரவில்லை.

மைதானத்தில் மண் தள்ளும் வண்டி ஒன்று சுற்றிவரும். ஓட்ட ஆள் கிடையாது. பேச்சுச் சத்தம் வராத குழியாகத் தேடிப்போய் மூடிவிடும். குறை தீர்ந்ததா என்று பார்க்காது. உள்ளே ஆள் இருக்கிறானா என்றும் பார்க்காது. அதனால் ராக்கியப்பன் சோறு ஊட்டிய கையோடு தன் குழிக்குள் இறங்கி, “அவளுக்கு இன்னும் வலிக்குது” என்று சொல்லிவிட்டு ஏறிவருவார். வண்டி கொஞ்சம் பின்வாங்கும். பக்கத்துக் குழிக்காரர் படித்தவர். நல்ல வார்த்தையாக யோசித்துக்கொண்டு உள்ளேயே நின்றார். இப்போது அங்கே சோளம் முளைத்திருக்கிறது.

இனி விரல் விஷயம்.

தூளியில் யார் வேண்டுமானாலும் திருத்தம் கொண்டுவரலாம். ஆனால் சுவரில் முகம் பதிந்த ஆட்களிடமிருந்து இரண்டு கட்டைவிரல் கிடைத்தால்தான் திருத்தம் ஏறும். தன் திருத்தத்துக்குத் தன் விரலைத் தான் கொடுக்கக் கூடாது. ஆட்டு இறைச்சிக் கடையில் இருக்கிற மாதிரி ஒரு புளியமரக் கட்டை கிடந்தது. அதில் வைத்து வெட்டி, விரலைத் திருத்தத்தின்மேல் ஆணி அடித்துவிடுவார்கள். விரல் பிரியப்பட்டு வரவேண்டும். கட்டாயப்படுத்தி வெட்டினால் செல்லாது.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் நிறைய விரல் இருந்தது. யோசனை இல்லாமல் கொடுத்துத் தீர்த்தார்கள். ஒரு காற்புள்ளிக்கு இரண்டு விரல் போயிற்று. தூளியைப் பராமரிக்கிறவர் அர்த்தநாரி என்று ஒரு வெள்ளைச்சட்டைக்காரர். சுவரின் ஓரக்கோடு நீலமாக இருந்தது. அதைக் கொஞ்சம் வெளுத்த நீலமாக்க ஒருவன் கொண்டுவந்த திருத்தத்துக்கு இடது கட்டைவிரலைக் கொடுத்தார். வெளுத்துப் பார்த்ததும் முன்னே இருந்ததே தேவலை என்று தோன்றிவிட்டது. பழைய நீலத்துக்கு மாற்ற இன்னொருவன் கொண்டுவந்ததற்கு வலது கட்டைவிரலைக் கொடுத்தார்.

இப்படியாகச் சுவரில் முகம் பதிந்த அத்தனை பேரும் கைக்கு நாலு விரலோடு திரிந்தார்கள். திருத்தம் நின்றுபோனது. காரை உதிர்ந்தது. ‘எளிது’ என்ற சொல்லில் முதல் எழுத்து இரண்டு பேரைக் கொன்றுவிட்டுக் கீழே கிடந்தது. எதற்குமே சரி என்று சொல்லிப் பழகாத ராக்கியப்பனிடம் மட்டும் இரண்டு விரலும் அப்படியே இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் தாரணி வந்தாள்.

பக்கத்து ஊர்ப் பெண். பக்கம் வடிவமைக்கப் படித்தவள். புதிய முகப்பை ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கூடவே சம்மட்டிக்காரர்கள் வந்தார்கள். வந்ததும் அவள் முகத்தையும் சுவரில் பதித்தார்கள். அவளுக்கு இரண்டு கட்டைவிரலும் இருந்தன. அவற்றைப் பார்க்க ஜனம் கூடியது. சிலர் தொட்டுப் பார்த்து அழுதார்கள்.

புதிய முகப்பு வெள்ளையாக இருந்தது. அதில் எதுவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு வரி. வருகிறவன் அந்த வரியைப் படித்துக்கொண்டே நடந்தால் கதவு தானாகத் திறக்கும். நட்சத்திரம் கிடையாது. பொந்து கிடையாது. சந்து கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சட்டகக்காரர்கள் ஏற்கெனவே இப்படி மாற்றிவிட்டார்களாம். ஜனம் எல்லாம் அங்கே போகிறதாம். இப்படியே விட்டால் தூளி அடுத்த மழைக்காலத்துக்குள் செத்துப்போகும் என்று தாரணி சொன்னாள். அர்த்தநாரி ஆமாம் என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ராக்கியப்பன் வீட்டுக்கு வந்தார்கள். தாரணி செருப்பை வெளியே கழற்றினாள். கொடுத்த மோரைக் குடித்தாள். மாடு எத்தனை பால் கறக்கிறது என்று விசாரித்தாள். பிறகுதான் பேச்சை எடுத்தாள்.

“பெரியவரே, அம்மாவை அங்கிருந்து எடுத்தறோணுங்க.”

“எடுத்து?”

“சம்மட்டிதானுங்க. ஒரே அடி. நம்ம பசங்க சுத்தமாச் செய்வாங்க.”

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டால் என்ன என்று ராக்கியப்பன் கேட்டார். அர்த்தநாரி பொறுமையாக விளக்கினார். நீக்கியதை உயிரோடு விடுகிற வழக்கம் தூளியில் இல்லை. உயிரோடு விட்டால் எவனாவது அதை நம்பிக்கொண்டிருப்பான். எங்கோ ஒரு ஊரிலிருந்து புறப்பட்டு, பழைய பட்டன் எங்கே என்று தேடி, வீட்டுக்கே வந்து குத்துவான். முன்பு ஒரு வரவேற்பு மணியை நீக்கியபோது இரக்கப்பட்டு விட்டுவைத்தார்கள். ஜனம் அதன் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது. குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

“அதனால ஒங்க ரண்டு வெரலையும் குடுத்துப் போடுங்க. பொறவு பாருங்க, தூளி எங்கியோ போயிரும்” என்று அர்த்தநாரி சொன்னார்.

ராக்கியப்பன் மாட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை. அவர் காரணம் சொல்லுகிற ஆள் அல்ல.

விரலைத்தான் கட்டாயப்படுத்தக் கூடாது. மற்ற உறுப்புகளைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கே அர்த்தநாரியின் ஆட்கள் வந்து அவரை அடித்தார்கள். மரியாதையாக அடித்தார்கள். ‘கொஞ்சம் திரும்புங்க’ என்று சொல்லி அடித்தார்கள். கட்டைவிரல் இல்லாத அறை. ஒவ்வொன்றுக்கும் நாலு கோடு விழுந்தது. இரண்டு பல் போயிற்று. அவருடைய கைகளை மட்டும் ஒரு துண்டில் பத்திரமாகச் சுற்றி ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள். போகும்போது வீட்டு வாசலில் நின்று, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

சொன்னபடி வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். அவர் மாட்டேன் என்பதை மாற்றவில்லை.

அடிவாங்கிய வாயோடு மத்தியானம் சோறு கொண்டுபோனார். மயிலாத்தாள் சாப்பிடவில்லை. சோளக்காட்டுக்கு ஏதோ கல்லூரி மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லாரும் இளவட்டம். எல்லாரும் ஒல்லி. சுவர் ஒடுங்கியே நின்றது. குத்துக்கு மேல் குத்து விழுந்தது. அவள் வாயிலிருந்து வந்தது சோறு இல்லை. சிவப்பாக இருந்தது. முதுகுக்குள் ஏதோ விட்டுப்போன சத்தம் கேட்டது. உள்ளே இருந்து ஒரு கயிறு அறுந்த மாதிரி.

ராக்கியப்பனுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. விரல் கொடுத்தால் சம்மட்டி. கொடுக்காவிட்டால் குத்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவளுடைய உடம்பு. அது இன்னொரு பஸ்ஸைத் தாங்காது.

“ஏ புள்ள, உனக்கு என்ன வேணும்” என்று கேட்டார். இத்தனை வருசத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை.

அவள் யோசித்தாள். ஒரு குத்து விழுந்தது. துப்பிவிட்டுச் சொன்னாள்.

“ஒருக்கா திரும்பி உக்காரோணுமுங்க. குத்தறது ஆருன்னு மூஞ்சியப் பாக்கோணும்.”

“பாத்து?”

“அத அப்பறம் பாத்துக்கலாமுங்க.”

ராக்கியப்பன் எழுந்து சந்து வழியாகச் சுவருக்கு முன்னால் வந்தார். தூளியில் யார் வேண்டுமானாலும் திருத்தம் கொண்டுவரலாம் என்றார்களே. சுள்ளி ஒன்றை எடுத்து மண்ணில் கீறினார். ஒரு பொந்து. அதில் ஒரு உருவம். முகம் வெளியே பார்க்கிற மாதிரி இரண்டு புள்ளி. கையில் நீளமாக ஒரு கோடு.

அர்த்தநாரி குனிந்து பார்த்து, அந்தக் கோடு என்ன என்று கேட்டார்.

“உலக்கை” என்றார் ராக்கியப்பன்.

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் அர்த்தநாரி வழக்கப்படி திருத்தத்தை எழுதிக்கொண்டார். பட்டனைத் திருப்பி வைப்பது. அதன் கையில் உலக்கை கொடுப்பது. வருகிறவர்களைப் பட்டனே குத்துவது. பிறகு வருத்தத்தோடு கையை விரித்தார். நாலு விரல்தான் விரிந்தது. இதற்கு இரண்டு கட்டைவிரல் வேண்டும், உங்கள் விரலை உங்கள் திருத்தத்துக்குக் கொடுக்க முடியாது, மற்றவர்களிடம் ஏது என்றார்.

ராக்கியப்பன் தாரணியின் கையைப் பார்த்தார்.

தாரணியும் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். அவளுடைய திருத்தத்துக்கு அவர் விரல் ஆகும். அவருடைய திருத்தத்துக்கு அவள் விரல் ஆகும். செல்லுகிற விரலில் மிச்சம் இருந்தவை அந்த நாலுதான்.

கெட்டிக்காரி. உடனே மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள். கிழவன் பட்டனைத் திருப்பினால் என்ன, படுக்க வைத்தால் என்ன. தன் திருத்தம் ஏறினால் பட்டனே இருக்கப்போவதில்லை. போவது இரண்டு விரல். வருவது முகப்பு.

“மொதல்ல நீங்க வைங்க பெரியவரே” என்றாள்.

“நீ வை.”

“என்னைய நம்பலீங்களா?”

“நம்பல.”

“நானும் உங்கள நம்பலீங்க.”

“அப்பச் சரி” என்றார் ராக்கியப்பன். “ஒண்ணா வெப்போம்.”

அப்படியே முடிவானது. அதுவரை தூளியில் ஒரே வெட்டில் நாலு விரல் எடுத்ததில்லை. புளியமரக் கட்டையில் நாலையும் வரிசையாக வைத்தார்கள். ஓரத்தில் அவருடையது ஒன்று, அடுத்து அவளுடையது, மறுபடி அவருடையது, கடைசியில் அவளுடையது. கை பின்னிக்கொண்டது. கல்யாணத்தில் கை பிடித்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

வெட்டுவது அர்த்தநாரி. கட்டைவிரல் இல்லாததால் அவருக்கு அரிவாள் பிடிக்க வராது. மணிக்கட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டார்கள்.

அவர் ஓங்கினார். ராக்கியப்பன் அரிவாளைப் பார்க்கவில்லை. அவள் விரல் பின்னால் நகர்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கண் இமைக்கவில்லை. விரல் போனது இரண்டு பேருக்குமே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

நாலும் கட்டையிலிருந்து துள்ளி மண்ணில் விழுந்தன. ஒரு கோழி ஒன்றைக் கொத்திக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்து, கழுத்தைத் திருகி, விரலை மீட்டார்கள். ரத்தம் நிற்கக் காப்பித்தூள் அப்பினார்கள். தாரணி அழவில்லை. உதட்டைக் கடித்தாள். உதடும் கிழிந்தது. ராக்கியப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இப்போது எல்லாருடைய கையையும்போல இருந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் அவர் தோளைத் தட்டினார்கள். அன்றைக்குத்தான் அவரை அவர்கள் நம்பினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு திருத்தத்தின்மேலும் ஆணி அடித்தார்கள். எது முன்னே, எது பின்னே என்று தாரணி கேட்டாள். அர்த்தநாரி அதை அப்போதுதான் யோசித்தார். ஒரே வெட்டு. முன் பின் கிடையாது. ஆகவே இரண்டும் செல்லும், இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும் என்றார். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. பட்டனை நீக்கவும் வேண்டும். பட்டன் கையில் உலக்கை கொடுக்கவும் வேண்டும்.

சம்மட்டிக்காரர்கள் சுவரை மேலிருந்து உடைத்துக்கொண்டு இறங்கினார்கள். நட்சத்திரங்கள் கொட்டின. கீழே நின்றவர்களில் சிலர் அவற்றோடு படுத்துவிட்டார்கள். செதுக்கிய முகங்கள் வாய் பிளந்து விழுந்தன. ராக்கியப்பனின் முகமும் விழுந்தது. மூக்கு உடைந்ததும் சரியான சாயல் வந்துவிட்டது.

அதே நேரத்தில் ராக்கியப்பன் சந்து வழியாக உள்ளே ஓடினார். வீட்டு உலக்கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு போனார். பிடி நிற்கவில்லை. ரத்தத்தில் வழுக்கியது. இரண்டு தடவை கீழே போட்டார். மயிலாத்தாளை இடுப்பில் கைகொடுத்துத் திருப்பினார். சுவரில் இருந்து தோல் உரிகிற சத்தம் வந்தது. முதுகில் எழுதியிருந்த ‘தொடங்குங்கள்’ பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

“எப்ப இத்தன சோளம் போட்டாங்க?” என்றாள்.

“அப்பறம் பேசிக்கலாம். பிடி.”

அவள் உலக்கையை வாங்கினாள். அவளுக்குக் கட்டைவிரல் இருந்தது. பட்டனிடம் யாரும் இதுவரை விரல் கேட்டதில்லை.

முதல் சம்மட்டிக்காரன் பொந்துக்கு எதிரே வந்து நின்றான். முன் பின் தெரியாத அம்மாளிடம் வேலை பார்க்கவேண்டுமே என்று அவனுக்குக் கூச்சம். சங்கடப்படாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். மயிலாத்தாள் நேரே நெஞ்சுக்குழியில் குத்தினாள். இத்தனை வருசம் முதுகில் வாங்கியது எல்லாம் தோளில் சேர்ந்து கிடந்திருக்க வேண்டும். அவன் நின்றபடியே செத்தான். விழ இடமில்லை. பின்னால் இரண்டாவது ஆள் நின்றான்.

இரண்டாவது ஆள் சம்மட்டியை வீசினான். அது பொந்தின் விளிம்பை உடைத்தது. அவள் அவன் முழங்காலைக் குத்தினாள். குனிந்ததும் தலையைக் குத்தினாள். நெல் குத்துகிற மாதிரி, அவசரமில்லாமல், இடம் பார்த்து. மூன்றாவது ஆள் அவளை முடியைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தான். அவன் கையோடு முடி போயிற்று. உலக்கை மணிக்கட்டில் இறங்கியது. கை இல்லாமல் அவன் போனான். மற்றவர்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, கூலியை அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று டிராக்டரில் ஏறினார்கள்.

தாரணி ஓடிவந்து, அம்மா கொஞ்சம் நிறுத்துங்க, நான் சொல்வதைக் கேளுங்க என்றாள். மயிலாத்தாள் முழுதும் கேட்டாள். கேட்டபிறகு குத்தினாள். தாடை இறங்கிவிட்டது.

பொழுது சாயும்போது தூளிக்காரர்களே புதிய முகப்பைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். முழுக்க வெள்ளை. அந்த ஒரு பொந்தை மட்டும் யாராலும் அடைக்க முடியவில்லை. வெள்ளைக்கு நடுவில் உலக்கையோடு ஒரு கிழவி. எழுத வேண்டிய அந்த ஒரு வரியை எழுதப்போன ஆள் திரும்பி வரவில்லை. தாரணி தாடையில் துணி கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். சுற்றிலும் வெற்றிடம் இருப்பதால் பார்வை நேராகக் கிழவிமேல் போகிறது, எடுப்பாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினாள். அர்த்தநாரி ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் பெருகியது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முகப்பிலேயே அடி விழுந்தால் உள்ளே ஏதோ நல்ல சரக்கு இருக்கிறது என்று ஜனத்துக்குத் தோன்றும்போல. அக்கரைக்குப் போனவர்கள் எல்லாரும் ஆற்றில் நீந்தித் திரும்பி வந்தார்கள். வரிசை சோளக்காட்டைத் தாண்டித் தார்ரோடுவரை நின்றது. குத்து வாங்கினால் கதவு திறக்கும். விலா போனவர்கள் நொண்டிக்கொண்டே சட்டகத்தைத் தூக்கிப்போனார்கள். கருத்துப்போன இடத்தை ஊரில் காட்டிப் பெருமைப்பட்டார்கள். செத்தவர்களை, உள்ளே போகாமல் முகப்போடு நின்றுவிட்டவர்கள் என்று கணக்கில் வைத்தார்கள். எந்த முகப்பிலும் கொஞ்சம் பேர் அப்படி நின்றுவிடுவது சகஜம்தான் என்று அர்த்தநாரி சொன்னார்.

முகப்பு எழுந்த மறுநாள் மத்தியானம் ராக்கியப்பன் சோறு கொண்டுவந்தார்.

புதிய முகப்பில் சந்து கிடையாது. உள்ளே போக முன்பக்கம் ஒன்றுதான் வழி. தூக்குப்போசியை விரலில் மாட்ட முடியவில்லை. முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குத்து வாங்கி உள்ளே போனார்கள். இரண்டு பேர் போகவில்லை. அவர்களைக் காலைப் பிடித்து இழுத்து ஓரம் போட்டார்கள். அவர் முறை வந்தது.

மயிலாத்தாள் உலக்கையை ஓங்கியவள் நிறுத்தினாள். இத்தனை வருசமும் அவரை உள்ளிருட்டில்தான் பார்த்திருக்கிறாள். வெயிலில் இப்போதுதான் பார்க்கிறாள்.

“தலை பூரா நரச்சுப்போச்சுங்களே.”

“நரைக்காம?”

“பல்லு எங்கீங்க?”

“போச்சு. சோறு கொண்டாந்தேன்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்றார்கள். மயிலாத்தாள் அவர்களைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

“வர்றவிங்க எல்லாத்தையும் குத்தோணுமுன்னு இருக்குதுங்க” என்றாள். “உங்களுக்கு மட்டும் விட்டுத்தரச் சொல்லி அதுல இல்ல.”

“நாஞ்சொன்னதுதான அது.”

“மாத்த முடியாதுங்களா?”

ராக்கியப்பன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கட்டுத்துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. எட்டு விரலும் காற்றில் நின்றன. அவள் பார்த்தாள். உலக்கையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தாள்.

“எங்கீங்க குத்தட்டும்?”

அவர் தூக்குப்போசியைப் பொந்தின் விளிம்பில், சிந்தாமல், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.

“இங்க. நீ வாங்குன எடத்துல.”

அவள் குத்தினாள். குறைத்துக் குத்தவில்லை. குறைக்கத் தெரியாது, அவளை யாரும் குறைத்துக் குத்தியதில்லை. அவருக்குள்ளே ஏதோ விட்டுப்போன சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்தான். கதவு திறந்தது.

உள்ளே கொஞ்ச தூரம் நடந்தார். கொஞ்ச தூரம் தவழ்ந்தார். மைதானத்தில் மண் தள்ளும் வண்டி அவர் குழியின் விளிம்பில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அடிவாங்கின நாட்களில் அவர் அங்கே வந்து பேசவில்லை. குழிக்குள் பாதி மண் விழுந்திருந்தது. ராக்கியப்பன் உருண்டு உள்ளே விழுந்தார். வண்டி மண்ணை வாரித் தூக்கியது. அவர் முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தை வாயில் வந்தது. அவளுக்கு இன்னும் வலிக்குது. அதைச் சொல்லப் பார்த்தார். அது இப்போது உண்மையா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கொஞ்சம் மண் கண்ணில் கொட்டியது.

“எனக்கு வலிக்குது” என்றார்.

வண்டி ஒரு முழம் பின்வாங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தூக்குப்போசியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வாயில் சோற்றோடு மயிலாத்தாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

“வாங்க. உங்களத்தானுங்க. நேரா நில்லுங்க.”